கண்ணாடி முன் என் மனைவி

அன்புள்ள கப்பல்காரருக்கு,

உங்கள் ஸ்டூடியோக்காரி எழுதுவது. வீட்டில் உடம்பளவில் எல்லாரும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மாடிப்படி ஏறிப் போய்ப் பக்கத்து வீட்டு நியாயம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். உங்கள் இருமல் நின்றதா? என்ஜின் அறையில் இருக்கும்போது காதை மூடிக்கொள்கிறீர்களா?

போனில் கேட்க வேண்டியதை எதற்கு இத்தனை நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன முறை நான் வாயைத் திறந்ததுமே "சிக்னல் போகுது, சிக்னல் போகுது" என்றீர்கள். என் குரல் உங்களுக்கு நன்றாகக் கேட்டது என்று எனக்குத் தெரியும். கடிதத்துக்குச் சிக்னல் போகாது. கப்பலுக்கு வரும் மெயிலைக் கேப்டனும் பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் வாழ்த்து. உங்கள் படத்துக்கு முதல் பரிசு. நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. உங்கள் ஞாயிற்றுக்கிழமை போட்டோ கிளப்பின் தலைவர் பல் டாக்டர்தான் கடைக்கு வந்து சொன்னார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க தைரியத்துக்கு நான் தலை வணங்கறேம்மா" என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. பல் பிடுங்கும்போது நோயாளி அலறினால்கூட அந்த மனிதர் இப்படி உருகி நான் பார்த்ததில்லை. ஒரு பெண் தனியாக ஸ்டூடியோ நடத்துவதைத்தான் சொல்கிறார் என்று நானும் அசடு வழியச் சிரித்தேன். அப்புறம் செல்போனில் படத்தைக் காட்டினார்.

என் கடை. உள்ளறைத் திரை ஒரு சாண் விலகியிருக்கிறது. சுற்றிலும் பல்பு வைத்த என் கண்ணாடி. அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். கையில் கழற்றிய விக். தலையில் திட்டுத் திட்டாக, அப்போதுதான் முளைத்து வரும் முடி. கண்ணாடியில் பாதி முகம் வெளிச்சத்தில் கரைந்து தெரிகிறது. கீழே நீங்கள் வைத்த தலைப்பு: 'கண்ணாடி முன் என் மனைவி'.

அவள் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண். நீண்ட லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறாள், புது அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று வந்தாள். நீங்கள் லீவில் வந்து உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு குடும்பத்தைக் கவனிக்க முன்னறைக்குப் போனேன். விக் கோணியிருக்கிறதா என்று பார்க்க அவள் திரைக்குள் போயிருப்பாள். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள்.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கண்ணாடி முன்னால் நிற்கும்போது கேமராவைச் சுவர் பக்கம் திருப்பிவிடுவேன். நீங்கள்கூட, "என்ன, கேமரா கோவிச்சுக்கிட்டு இருக்கா?" என்று கேலி செய்வீர்கள். அவர்களாக வெளியே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ம், எடுங்க" என்று சொன்ன பிறகுதான் நான் அதைத் திருப்புவேன். அதற்கு முன்னால் இருக்கும் முகம் அவர்களுடையது. அதை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. உங்கள் கிளப்பில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். தெரியாமல் எடுத்தால்தான் உண்மையான முகம் என்கிறீர்கள். 'நீ எடுக்கிறது படம் இல்ல, முகத்துக்கு அளவெடுக்கிற வேலை' என்று ஒரு முறை சொன்னீர்களே, அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

படம் நன்றாக இல்லை என்று சொல்ல வரவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. அந்தத் தோள்பட்டையில் வெளிச்சம் விழுந்திருக்கும் விதத்தைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த பிறகுதான் எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கண்காட்சி அந்த ஹோட்டலில்தான் நடக்கிறது. வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே உள்ள கூடத்தில். வாசலில் நுழைந்ததும் தெரியும்படி உங்கள் படத்தை ஆளுயரத்துக்கு வைக்கப் போகிறார்களாம். அவள் காலை முதல் மாலை வரை அதைப் பார்த்தபடி விருந்தாளிகளுக்குச் சாவி கொடுக்க வேண்டும். எடுத்தவர் சொன்னால்தான் படத்தை விலக்க முடியும் என்கிறார் டாக்டர். ஒரே ஒரு வரி எழுதுங்கள். காரணம்கூட வேண்டாம். உங்களால் முடியும்.

உங்கள் வரிக்காகக் காத்திருக்கும்,
ஸ்டூடியோக்காரி


அன்புள்ள உங்களுக்கு,

பதில் கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்து பால் பொங்கி வழிந்தது. அத்தை என்ன என்று கேட்டதற்கு, உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறார் என்று சொன்னேன்.

'முகம் பாதிதானே தெரிகிறது, யாருக்கும் அடையாளம் தெரியாது, உன் பெயரைப் போட்டதே பிரச்சினை வரக்கூடாது என்றுதான், கண்காட்சி முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், 'உனக்குள் எங்கேயோ பொறாமை இருக்கிறதா என்று யோசித்துப் பார்' என்றும்.

யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது. இல்லாமல் என்ன? நான் பிழைப்புக்குக் காலை முதல் கால்கடுக்க நிற்கிறேன். நீங்கள் லீவில் வந்து, "ஃப்ரீயா எடுத்துத் தர்றேன், நட்புக்காக" என்று என் வாடிக்கையாளரின் குழந்தைப் பிறந்தநாளுக்குப் போய்விடுகிறீர்கள். மறு வருஷம் அவர்கள் என்னிடம், "சார் எப்ப லீவுல வருவார்?" என்று கேட்கிறார்கள். எனக்கு எரியத்தான் செய்யும். ஆனால் என் பொறாமை வேறு, அந்தப் பெண்ணின் தலை வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். டாக்டரிடம் மறுபடி போய்க் கேட்டேன். அவரும் அதே பல்லவிதான்: "நீங்க தொழில்காரங்க. எங்க படத்துக்குப் பேர் வந்தா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், புரியுதும்மா." பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அவரிடம் பல்லைக் கடித்தால் அதற்கும் வைத்தியம் சொல்வார்.

படத்தில் இருப்பது ஒரு வாடிக்கையாளர் என்று அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று எழுதிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப அது யாரு?" என்பதுதான். சம்மதம் வாங்க அவளையே தேடிப் போவார்கள். 'அது நான்தான், என்னைக் கேட்காமல் எடுத்தார்' என்று சொல்லி உங்களை மாட்டிவிடவும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

நம் தொழில்முறை ஆட்கள் மட்டும் யோக்கியமா? அதுவும் இல்லை. நம் போட்டோகிராபர் சங்கத் தலைவர் ஃப்ளாஷ் அண்ணன் வந்தார். என் கண்ணாடிக்கு பல்பு மாட்டித் தந்தவரே அவர்தான், அதனால் படத்தைப் பார்த்ததும் இடத்தைக் கண்டுகொண்டார். எனக்கு வியாதி இல்லை என்றும் அவருக்குத் தெரியும். "தங்கச்சி, இது கஸ்டமர்தானே? கிளப்காரங்க வசமா மாட்டுனாங்க! இந்தப் படத்தையே பேனர்ல அடிச்சு ஹோட்டல் வாசல்ல நிக்கப் போறோம். பொழுதுபோக்குக்கு எடுக்கறவன் என்னென்ன பண்றான்னு ஊரே பாக்கட்டும்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் அவளைச் சுவரில் மாட்டுகிறீர்கள், இவர்கள் பேனரில் மாட்டுகிறார்கள். அவள் தலைக்கு என்ன வித்தியாசம்? யோசிக்கிறேன் என்று சொல்லிப் போனார். அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

இது போதாதென்று எதிர்க்கடைத் தையல்காரி. செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்ல வந்தவள், பேசிக்கொண்டே என் பின்னலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டாள். நான் அலறிய அலறலில் முன்னறையில் இருந்த குழந்தை அழுதது. "இது உன் முடிதான்டி!" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். அப்போதிலிருந்து தெரு முழுக்க, படத்தில் இருப்பது வேறு எவளோ என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். உங்கள் பேரில்கூட ஒரு கதை கட்டியிருக்கிறாள், அதை நான் எழுதமாட்டேன். பயம் அதனால் இல்லை. அந்த ஹோட்டல் ஊழியர்களுக்கு யூனிஃபார்ம் தைப்பது இவள்தான். வரவேற்புப் பெண்ணின் கழுத்தளவும் தோளளவும் இவளுக்கு மனப்பாடம்.

அவள் நேற்று வந்தாள்.

அந்தப் படம் போட்ட கண்காட்சி நோட்டீஸை மேசையில் வைக்கச் சொல்லி அவளிடமே கொடுத்திருக்கிறார்கள். கடைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்களா எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? அந்தத் திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வீட்டுல பாத்ரூமப் பூட்டிக்கிட்டுத்தான் இதைக் கழட்டுவேன். எம் பொண்ணு முன்னாடிகூட கழட்டினதில்ல. உங்க கடையில ஏன் கழட்டினேன்னு தெரியல. நீங்க கேமராவத் திருப்பி வெச்சதப் பாத்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு எடுத்ததாகத்தான் ஹோட்டலில் சொல்லியிருக்கிறாளாம். முன்பு ஒரு பெண்ணுக்கு முகத்தில் தழும்பு விழுந்ததும் சலவைக் கணக்கு எழுதப் பின்பக்கம் அனுப்பிவிட்டார்களாம். சம்பளமும் அதோடு இறங்கிவிட்டதாம். மகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். மருந்து இன்னும் முடியவில்லை.

இனி உங்களிடம் தர்க்கம் செய்ய எனக்குத் தெம்பில்லை. நாள் நெருங்கிவிட்டது. அடுத்த கப்பலில் ஒப்பந்தம் போடாமல் ஊரோடு வந்து, இருவருமாகக் கடையை நடத்தலாம் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? அந்தக் கடையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி இப்படிக் கேட்ட பிறகு, அங்கே உங்களை எங்கே உட்காரவைப்பேன்? இன்றைக்கே எழுதுங்கள். எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. டாக்டருக்கு எழுதுங்கள்.

மனம் கசந்து, ஆனாலும் உங்கள்,
ஸ்டூடியோக்காரி


அன்புள்ள உங்களுக்கு,

முதலில் நல்ல செய்தி: படம் இறங்கிவிட்டது. அதை யாரும் இனிமேல் மாட்டமாட்டார்கள். இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். நான் நிறுத்தப்போவதில்லை.

கண்காட்சி நாள் காலை வரை மெயிலைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குள் தையல்காரி, "அந்தப் பின்கழுத்த நான் எங்கயோ அளவெடுத்திருக்கேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். இரண்டு நாள் விட்டால் பெயரையே சொல்லிவிடுவாள். படத்தில் இருப்பது யார் என்று ஊர் தேடுவதை நிறுத்த ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் ஏற்கெனவே ஒருத்தி பெயரைக் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பெயரை நான் வாங்கிக்கொண்டேன்.

என் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, பின்னலை அடியோடு வெட்டினேன். பின்மண்டைக்குக் கை எட்டவில்லை. அத்தையைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கத்திரிக்கோலை வாங்கி, மிச்சத்தை ஒட்ட வெட்டிவிட்டார்கள். பழக்கமில்லாத கை, திட்டுத் திட்டாகத்தான் வந்தது. அது நமக்கு வசதியாகப் போயிற்று. எல்லாம் முடிந்த பிறகு, "அவன் வரட்டும்" என்று மட்டும் சொன்னார்கள். அதன் அர்த்தம் உங்களுக்கே தெரியும். நீங்கள் அவர்கள் பிள்ளை.

ஹோட்டல் கூடத்தில் கூட்டம். படம் நிஜமாகவே ஆளுயரம். மேனேஜர் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். படத்தைப் பார்ப்பதும், தலையைச் சாய்த்து மறுபடி பார்ப்பதுமாக இருந்தார். அவருக்குப் பின்னால் வரவேற்பு மேசையில் அவள், கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல். நான் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன்.

என்ன பேசுவது என்று வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. "இது நான். என்னைக் கேக்காம எடுத்தது. எறக்குங்க" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, கூடமே திரும்பியது. டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. நீங்கள் சம்மதம் வாங்கியதாகச் சொன்னீர்கள் என்று முணுமுணுத்தார். வாங்கவில்லை என்றேன். உங்களை இத்தனை பேர் முன்னால் பொய்யர் ஆக்கினேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, ஆனால் சொல்வது எனக்கும் சுலபமாக இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது ஃப்ளாஷ் அண்ணன் சங்கத்து ஆட்களோடு உள்ளே வந்தார். ஒருவர் கையில் சுருட்டிய பேனர். என் உயிர் போய்விட்டது. அவர் வாயைத் திறந்தால் எல்லாம் வீண். டாக்டர் அவரிடமே கேட்டார்: "உங்க சங்கத்து ஆளுதானே? இவங்களுக்கு உடம்பு சரியில்லன்னு உங்களுக்குத் தெரியுமா?" அண்ணன் என் தலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார். "தெரியும். வெளிய சொல்லாதீங்கன்னு தங்கச்சி கேட்டுக்கிச்சு. அதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார். பேனரை வைத்திருந்தவரைக் கண்ணாலேயே வெளியே அனுப்பினார். யோசிக்காத மனிதர் என்று அவரைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

படத்தை இறக்கிச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். மேனேஜர் என்னிடம் வந்து வருத்தம் தெரிவித்தார். மேசைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வெளியே போகும்போது அவள் எழுந்து நின்றாள். விருந்தாளிகளுக்குச் சொல்வதுபோல, "மறுபடியும் வாங்க மேடம்" என்றாள். நானும் ஒரு விருந்தாளியைப்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் டாக்டருக்கு உங்கள் மெயில் வந்ததாம். 'படத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்று ஒரே வரி. புயலில் இணைப்பு இல்லை, கிடைத்ததும் அனுப்பினேன் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். நம்புவதைத் தவிர நான் வேறென்ன செய்ய? ஒரு நாள் முன்னால் அந்த வரி வந்திருந்தால் இந்நேரம் பின்னலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

தையல்காரிக்கு இப்போது புதுக் கதை கிடைத்துவிட்டது. "அன்னிக்கு அந்த இழு இழுத்தேன், கையோட வரலியே! என்ன ஒட்டுடி அது!" என்று எல்லாரிடமும் சொல்லி வியக்கிறாள். அந்த விக் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள். சிரித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். பாஸ்போர்ட் படத்துக்கு வருபவர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். நன்றாக இருக்கிற உடம்பை நோயாளியாக நடமாடவிடுவது எவ்வளவு களைப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. நன்றாக இருப்பதுபோல் தினமும் நடிக்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

இனி உங்கள் மெயிலின் இரண்டாம் பாதி. 'தூக்கம் வரவில்லை. நடந்த உண்மையை எல்லாம் என் இணையப் பக்கத்தில் பகிரங்கமாக எழுதி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அது நீ இல்லை என்று சொல்லி உன் பெயரையும் மீட்டுவிடுகிறேன். ஊருக்கு வந்ததும் அந்தப் பெண்ணைப் பார்த்துக் காலில் விழுகிறேன்.'

ஐயோ, வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு எழுத்துக்கூட எழுதாதீர்கள். நீங்கள் அழகாகத்தான் எழுதுவீர்கள். படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள், என்ன மனசு என்பார்கள். பிறகு, "அப்ப அது யாரு?" என்பார்கள். உங்கள் மனசு லேசாகும். அவள் வேலை போகும். அவள் காலிலும் விழ வேண்டாம். அவளை உங்களுக்குத் தெரியாது. ஹோட்டல் பக்கம் போனால், தெரியாதவராகவே போய்விட்டு வாருங்கள்.

நீங்கள் சொன்ன பொய்யை நான் தலையில் வாங்கிக்கொண்டேன். இனி அதைக் காப்பாற்ற வேண்டியது நீங்கள். படத்தில் இருப்பது உங்கள் மனைவி. அவளைக் கேட்காமல் எடுத்தீர்கள். கிளப்பில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நம் சங்கத்தில் காறித் துப்புவார்கள். யார் என்ன சொன்னாலும், 'ஆமாம், தப்புதான்' என்று நின்றுகொள்ளுங்கள். உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆயுசுக்கும் வாய்ப்புக் கிடைக்காது. அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இதைவிடப் பெரிதாக நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுங்கள். அத்தை திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். கடையைப் பற்றிப் பிறகு பேசலாம், அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீடு உங்களுடையது, அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கடல் அமைதியாக இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், இருமலுக்கு மருந்தை விடாதீர்கள். நல்லபடியாக வந்து சேருங்கள். கதவை நான்தான் திறப்பேன், தலையில் துணி கட்டாமல். ஒன்றும் சொல்ல வேண்டாம், சமாதானமும் வேண்டாம். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்காமல், என்னை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி